ஹால்வர் பாடிய சின்னத் தட்டு

பள்ளியில் இசைத்தட்டு நாள் வருகிறது என்று சிக்னே ஒரு வாரமாகவே அலட்டிக்கொண்டிருந்தாள். ரெக்கார்ட் பிளேயர் அவள் வீட்டுடையது. அதைத் தொட ஐந்தாம் வகுப்பில் யாரையும் அவள் விடவில்லை. “ஊசி தேஞ்சிடும். உங்களுக்கெல்லாம் தெரியாது, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு டீச்சர் யோருன்கூடக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய தட்டுகளெல்லாம் ஒழுங்காகப் பாடின. கடைசியாக, பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹால்வர் ஒரு சின்னத் தட்டோடு வந்தார். இளவயதில் அவரும் இரண்டு நண்பர்களும் மீன் கிடங்கில் பாடிப் பதிவு செய்ததாம். குளிரில் விரல் மரத்துப்போய், அக்கார்டியன் வாசித்தவர் காபிக் கெட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வீட்டில் பிளேயர் இல்லாததால், அந்தப் பாட்டை ஹால்வரே கேட்டு இருபது வருடம் ஆகிறதாம்.

சிக்னே ஊசியை வைத்தாள். பாட்டு “ம்ம்மோஓஓ” என்று இழுத்தது.

“மாமா, கிடங்குல மாடும் இருந்துச்சா?” என்றான் ஏவன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

ஹால்வரின் காது சிவந்துவிட்டது. “கடல் காத்துல கெட்டுப்போச்சு போல. இனி குப்பைக்குத்தான்” என்று தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அப்போதுதான் சிக்னேயின் கண்ணில் பிளேயரின் வேகக் குமிழ் பட்டது. பெரிய தட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும், சின்னது வேகமாக. குமிழைத் திருப்ப அவள் மறந்திருந்தாள்.

அவளைத் தவிர யாருக்கும் இது தெரியாது. பேசாமல் இருந்தால் மானம் தப்பும். ஆனால் வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது. எல்லாம் தெரியும் என்று பீற்றிக்கொண்ட வாயால் இதை எப்படிச் சொல்வது? அதற்குள் ஹால்வர் வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது.

“மாமா, போட்டுடாதீங்க.” அவள் வாசலுக்கு ஓடினாள். “தட்டு நல்லாத்தான் இருக்கு. நான்தான் வேகத்த மாத்தி வைக்கல. என்னோட தப்பு.”

“ஓஹோ, எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே” என்றான் ஏவன். சிக்னேவுக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் தட்டை வாங்கி வைத்து, தலை நிமிராமல் குமிழைத் திருப்பினாள்.

இந்த முறை அக்கார்டியன் துள்ளியது. இளம் ஹால்வரின் குரல் கணீரென்று ஏறியது. பிள்ளைகள் மேசையில் தாளம் போட்டார்கள். ஏறிக்கொண்டே போன குரல் உச்சத்தில் திடீரென்று கீச்சிட்டுப் பிசிறடித்தது.

எல்லாரும் சிக்னேயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதறிப்போய்க் குமிழைப் பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

“அவள ஏன்டா பாக்குறீங்க?” என்றார் ஹால்வர். “இது என்னோட தப்பு.”

சொல்லிவிட்டு முதலில் சிரித்ததும் அவர்தான்.