கோழி தின்ற இனிப்புச் சோளம்

“அதையா விதைங்குற? எல்லாம் சூம்பிப் போயிக் கெடந்துச்சு. கோழிக்குப் போட்டுட்டேன்” என்றாள் பிச்சையம்மாள் அத்தை.

பரிபூரணம் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். காலையில் எண்ணிப் பார்ப்பதற்காக முறத்தில் கொட்டிவிட்டுப் போன விதைகளைக் காணோம். முருங்கை மரத்தடியில் மூன்று கோழிகள், கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தவை போல அசையாமல் உட்கார்ந்திருந்தன.

அவை ஞானதுரை மாமா அனுப்பிய விதைகள். அம்மாவின் தம்பியான அவர் பெங்களூரில் ஒரு விதைப் பண்ணையில் வேலை பார்த்தார். இரண்டு காகித உறைகளில், உறைக்கு நாற்பது என்று எண்ணி, தபாலில் அனுப்பியிருந்தார். ஒன்றில் மஞ்சள் ரகம், எழுபது நாளில் விளையும். மற்றதில் வெள்ளை ரகம், அதற்குத் தொண்ணூறு நாள்.

‘இரண்டையும் அருகருகே நடாதே. ஒன்றின் மகரந்தம் மற்றதில் விழுந்தால் ருசி மாறிவிடும். ஏதாவது ஒன்றை நடு. காந்தி ஜெயந்தி விடுமுறைக்கு வருவேன். கதிர் தயாராக இருக்கட்டும்’ என்று கடிதத்தில் எழுதியிருந்தார். இனிப்புச் சோள விதை சுருங்கித்தான் இருக்கும், பயப்படாதே என்று பின்பக்கத்தில் ஒரு வரியும் இருந்தது.

அந்த வரியை அத்தைக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. தன் தம்பியான பரிபூரணத்தின் அப்பா வீட்டோடு ராஜபாளையத்துக்கு வருவதற்கு முன்னால், தேவதானத்தில் இருபது வருடம் வயல் வேலை பார்த்தவள் அவள். சுருங்கிய விதையைக் கண்டால் அவள் கை தானாகவே அதை ஒதுக்கிவிடும்.

பரிபூரணம் விஷயத்தைச் சொன்னதும் அத்தையின் முகம் வெளிறியது.

“உங்க மாமனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்ட்டி. சாம்பாருக்கே இன்னும் விடல அவன்.”

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்து வீட்டில் அத்தை சாம்பாரில் உப்புக்குப் பதிலாகச் சீனியைப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் பந்தி போட்டாலும், “சாம்பார் மதினி வச்சதா? அப்ப எனக்குப் பாயசம் வேண்டாம்” என்பார் மாமா. எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். பிறகு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரமாட்டாள். அது பரிபூரணத்துக்கு மட்டும்தான் தெரியும்.

“யாருக்கும் சொல்லமாட்டேன் அத்தை” என்றாள் அவள்.

இருவரும் தேடினார்கள். முறத்தின் இடுக்கிலும் அம்மிக்கல்லின் அடியிலுமாக ஒன்பது மஞ்சள் விதைகளும் நான்கு வெள்ளை விதைகளும் அகப்பட்டன. பரிபூரணம் காலண்டரில் நாள் எண்ணினாள். வெள்ளை விளைவதற்குள் மாமாவின் விடுமுறை முடிந்துவிடும். மஞ்சளைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளையை ஒரு டப்பாவில் போட்டு அடுத்த பருவத்துக்கு எடுத்து வைத்தாள்.

மறுநாள் மாலை அவள் வீடு திரும்பியபோது, மதில் ஓரமாக ஒரே வரிசையில் ஒன்பது விதைகளையும் அத்தை நட்டு முடித்திருந்தாள். பருத்திக்காட்டு வரப்பில் சோளம் போடும் பழக்கம் அவளுக்கு. மாமாவோ மூன்று வரிசையாக, கட்டம்போல் நடச் சொல்லியிருந்தார். ஆனால் அத்தையின் முகம் இப்போதுதான் தெளிந்திருந்தது. அதைக் கெடுக்கப் பரிபூரணத்துக்கு மனம் வரவில்லை. ஒரே வரிசையாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

அன்று முதல் கோழிகளுக்குப் பகலெல்லாம் பஞ்சாரக் கூடைக்குள் சிறை. ஒன்பது செடிகளும் அத்தையைவிட உயரமாக வளர்ந்தன. ஆவணியில் உச்சியில் பூ வந்தது. இடுப்பில் கதிர்கள் வைத்து, நுனியில் பட்டுநூல் போன்ற முடி தொங்கியது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கி வந்து வீட்டில் மடித்துக் கொடுப்பவள் அவள்.

“ஏட்டி, உங்க சோளம் எங்க துணிக்கு மஞ்சப் பூசுது. வந்து பாரு.”

பரிபூரணம் போய்ப் பார்த்தாள். அய்யனார் கோவில் மலைப் பக்கமிருந்து அடித்த காற்று, பூவிலிருந்த மஞ்சள் தூளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வெள்ளைத் துணிமேல் கொட்டியிருந்தது. அவளுக்குக் கடிதத்தின் இன்னொரு வரி நினைவுக்கு வந்தது: ‘கதிரில் ஒவ்வொரு முடிக்கும் ஒரு முத்து. மகரந்தம் விழாத முடிக்கு முத்து இல்லை.’

மூன்று வரிசை இருந்தால் தூள் பக்கத்துச் செடிகளிலேயே விழுந்திருக்கும். இப்போது எல்லாம் இங்கே இருந்தால், கதிர்முடியில் என்ன இருக்கும்?

ஓடிவந்து, முதலில் வந்த கதிரின் தோலை லேசாக விலக்கினாள். இங்கே ஒரு முத்து, அங்கே ஒரு முத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பல் விழுந்த வாயோடு சிரிப்பதுபோல் இருந்தது.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க மாமன் வார அன்னைக்கு நான் தேவதானம் போயிருதேன். பக்கத்துல நின்னு கேட்க என்னால ஏலாது.”

பரிபூரணம் மற்ற எட்டுக் கதிர்களின் முடியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் காயவில்லை. பச்சையாக, விரலில் ஒட்டியது.

அன்று மாலை சுடலையம்மாள் வீட்டுக்குப் போய், துணிகளை உதறி மடித்துக் கொடுத்துவிட்டு, கழிவுத் துணியில் ஒரு பிடி கேட்டு வாங்கி வந்தாள்.

காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் வேலை தொடங்கியது. அத்தை செடியை முறியாமல் வளைத்துப் பிடிக்க, பரிபூரணம் நோட்டு அட்டையை நீட்டிப் பூவைத் தட்டினாள். மஞ்சள் தூள் உதிர்ந்தது. துணியைப் பந்தாகச் சுருட்டி, அதில் தொட்டு, ஒவ்வொரு கதிர்முடியிலும் ஒற்றினாள். இப்படி ஐந்து நாள். மூக்கு நுனியில் மஞ்சளோடு அவள் வகுப்புக்குப் போனதைப் பார்த்து, வீட்டில் என்ன விசேஷம் என்று டீச்சர் விசாரித்தார்.

காந்தி ஜெயந்தியன்று மாமா வந்தார். பையை வைத்ததும் நேராகக் கொல்லைப்புறத்துக்குத்தான் போனார். அத்தை தேவதானம் போகவில்லை. முட்டை பொரிக்கிறேன் என்று அடுக்களைக்குள் நுழைந்துகொண்டாள்.

“நாப்பது விதைக்கு ஒம்பது செடிதானா, மருமகளே?”

“கையில இருந்ததை நட்டோம், மாமா.”

மாமா நடுச்செடியின் கதிரை ஒடித்துத் தோலை உரித்தார். அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

அடியிலிருந்து நுனிவரை நெருக்கமாக, மஞ்சளாக, ஓர் இடம்கூட விடாமல் முத்துகள். மாமா அங்கேயே நின்று பச்சையாகக் கடித்தார். பால் அவர் தாடையில் வழிந்தது.

“ஒத்த வரிசையில நட்டு இப்படியா? எங்க பண்ணையிலகூட இம்புட்டு நெருக்கமா வரலயே” என்றார்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் மறுபடியும் கேட்டது, முன்னைவிடப் பலமாக.

தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் மாமா தாமாகவே ஒரு கதை சொன்னார். பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இனிப்புச் சோள விதை மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, விதை கெட்டுப்போச்சு என்று அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாராம். அதிகாரி சைக்கிளில் வண்டியைத் துரத்திப் பிடித்தாராம். அதனால்தான் கடிதத்தில், விதை சுருங்கித்தான் இருக்கும் என்ற வரியை எழுதினாராம்.

கதவோரம் நின்றிருந்த அத்தை இப்போது முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மாமா இரண்டாவது முட்டையைப் பிட்டு வாயில் போட்டார். “ருசியா இருக்கே மதினி. கோழிக்கு என்ன தீனி போடுதீங்க?”

“நீ அனுப்புன வெதயத்தான்” என்றாள் அத்தை.

மாமா மெல்லுவதை நிறுத்தினார். பரிபூரணத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு புரைக்கேறும்வரை சிரித்தார். அத்தை அவருக்குத் தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறம் போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழிகளைத் திறந்துவிட்டாள்.