நாற்பதாவது படிவம்

கோளரங்கத்தில் விளக்கை அணைத்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் விதியையும் மதிக்கவில்லை, வாசலில் நின்றிருந்த அவளுடைய காலையும் மதிக்கவில்லை.

"ஐயோ... என் கால்!"

"சாரி, சாரி... இருட்டுல தெரியல."

"நட்சத்திரம் பாக்கத்தானே வந்தீங்க? இருட்டாத்தான் இருக்கும்!"

கோபமாகத்தான் டார்ச்சை அடித்தாள். கண் கூசாமலிருக்க சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். அந்த மெல்லிய வெளிச்சத்தில்... நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடி. மூக்கு நுனியில், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மழைத்துளி. பிறகு கண்கள்... திருதிருவென்று விழிக்கிற இரண்டு பெரிய கண்கள்.

ஈரக்கோழி! மனதுக்குள் பெயரே வைத்துவிட்டாள். முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு மைக்குக்குப் போனபோது, தன் இதயம் ஏன் இப்படி ஓடுகிறது என்று அவளுக்கே புரியவில்லை. கால் வலிதான்... வேறென்ன?

இயற்பியல் பட்டம் வாங்கி, இங்கே விளக்கம் சொல்லும் வேலையில் ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தாள். இது ஆறாவது மாதம்.

"வானத்துல ஒரு வேடிக்கை," என்றாள் மைக்கில். "ரொம்பப் பிரகாசமான நட்சத்திரத்துக்கு முதல் தரம், எண் ஒண்ணு. தெரிஞ்சும் தெரியாம மங்கலா இருக்கிறதுக்கு ஆறு. வெளிச்சம் கூடக்கூட எண் குறையும். பூஜ்யத்துக்கும் கீழ போகும். முழு நிலா மைனஸ் பன்னெண்டரை. நம்ம சூரியன்... மைனஸ் இருபத்தாறே முக்கால்!"

"அப்போ என் பரீட்சை மார்க்கெல்லாம் நல்ல மார்க்குதான்," என்றது முன்வரிசை.

"முன்வரிசையில தண்ணி சொட்டுற சத்தம் கேக்குது... கொஞ்சம் அமைதி."

அரங்கமே சிரித்தது. அவன்தான் அதிகம் சிரித்தான்.

காட்சி முடிந்ததும் சுவரில் சாய்ந்து கருத்துப் படிவத்தை நிரப்பினான். ஒரு வரி எழுதுவான், நிமிர்ந்து அவளைப் பார்ப்பான். மறுபடி ஒரு வரி... வெளியே மழை கொட்டியது. என்ன நினைத்தாளோ, தன் குடையை நீட்டினாள்.

"திருப்பித் தரணும்."

"தராம இருப்பேனா? தர்ற சாக்குல இன்னொரு தடவை வரலாமே."

அன்று அவள் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். குளிரவே இல்லை.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் கூப்பிட்டார். மேசையில் ஒற்றைப் படிவம்.

"நாப்பது பேரோட ஃபார்ம்தான் உனக்குக் கணக்கு. நிரந்தரம் ஆகணும்னா ஆறுக்கு சராசரி அஞ்சு வேணும். முப்பத்தொன்பது வரைக்கும் அஞ்சுக்கு மேலதான்மா இருந்த. இவன் ஒருத்தனால நாலு புள்ளி ஒன்பதுக்கு வந்துட்ட."

ஆறு கேள்விகள். ஆறிலும் ஒன்று, ஒன்று, ஒன்று... 'வானியற்பியல் ஆராய்ச்சி மாணவர்' என்று கீழே அழகான கையெழுத்து வேறு.

சிரித்துக்கொண்டே கழுத்தை அறுத்துவிட்டானே! குடையும் என்னுடையது, வேலையும் என்னுடையது...

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஸ்ட் அனுப்பணும். அவனே வந்து மாத்திக் கொடுத்தா எடுத்துக்குவேன். யுனிவர்சிட்டி பக்கத்துலதானே? போய்க் கேளேன்."

"கெஞ்சி வாங்கின மார்க்குல எனக்கு வேலை வேண்டாம் மேடம்."

வீட்டில் அப்பா தட்டிலிருந்து நிமிராமலே ஆரம்பித்தார். "கூடப் படிச்சவ ஒருத்தி வானிலை ஆபீஸ்ல இருக்கா. ஒருத்தன் ஆஸ்பத்திரியில கேன்சருக்கு வைக்கிற கதிருக்கு அளவு போட்டுத் தர்றான். அந்த சோடாபுட்டிக் கண்ணாடிப் பையன் கூட பேங்க்ல உக்காந்துட்டான். நீ மட்டும் இருட்டுல டார்ச் அடிச்சுக்கிட்டு..."

"அவளுக்குப் பிடிச்சிருக்கு, விடுங்களேன்," என்றாள் அம்மா.

"நிரந்தரம் ஆகட்டும், நான் வாயே திறக்கல. இல்லைன்னா சித்தப்பாவோட இன்சூரன்ஸ் ஆபீஸ். பேசினபடி."

பேசினபடிதான். அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் பட்டப்பகலில் விளக்கை அணைத்து, கூரை முழுக்க நட்சத்திரங்களைக் கொட்டும்போது, அத்தனை பேரும் ஒரே மூச்சில் 'ஆ...' என்பார்களே... அந்தச் சத்தத்தை எந்த இன்சூரன்ஸ் ஆபீசில் கேட்பாள்?

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு அவன் வந்தான். தலை வாரி, சட்டை தேய்த்து... கையில் அவள் குடை.

"இந்தாங்க. பத்திரமா வச்சிருந்தேன்."

முகம் பார்க்காமல் பிடுங்கிக்கொண்டாள். "டிக்கெட் இருந்தா உள்ள போங்க."

"கோபமா?"

"கோபப்பட நீங்க எனக்கு யாரு?"

அவன் முகம் தொங்கிப்போனது. போய் அதே முன்வரிசையில் உட்கார்ந்தான்.

விளக்குகள் அணைந்தன. இதுதான் கடைசிக் காட்சியோ? அழக்கூடாது... சொல்ல வேண்டியதைச் சொல்லு...

"வானத்துல ஒரு வேடிக்கை. ரொம்பப் பிரகாசமான நட்சத்திரத்துக்கு முதல் தரம். எண் ஒண்..."

வாய் நின்றுவிட்டது.

கூரையில் நட்சத்திரங்கள் மெல்லச் சுழன்றன. யாரோ இருமினார்கள். ஒன்று... ஒன்று... ஒன்று... கடவுளே! நான்தானே சொன்னேன்?

கை தானாக டார்ச்சை எடுத்து முன்வரிசையில் அடித்தது. சிவப்பு வெளிச்சத்தில் அதே திருதிரு கண்கள். இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் குழந்தைகள் கைதட்டினார்கள்.

மீதியை எப்படிச் சொல்லி முடித்தாளோ! கடைசி ஆள் வெளியேறியதும் அவன் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்கு ஃபார்ம்ல என்ன மார்க் போட்டீங்க?"

"ஒண்ணு. எல்லாத்துக்கும். ஏன், ஒண்ணுதானே பெஸ்ட்?"

"ஆறுதான் பெஸ்ட்! கீழயே சின்ன எழுத்துல போட்டிருக்கே!"

"கீழ நான் எங்க பாத்தேன்... உங்களைப் பாத்துக்கிட்டே எழுதினேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "மூணு வருஷமா ராத்திரி பகலா அந்த நட்சத்திர அளவுலதாங்க இருக்கேன். கை தானாப் போட்டுடுச்சு."

"அந்தக் கையால என் வேலை போகப்போகுது."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மறுநொடி மேற்பார்வையாளர் அறைக்கு ஓடினான்.

"மேடம், லிஸ்ட் அனுப்பிட்டீங்களா? நான் ஒரு முட்டாள்னு எழுதியே தர்றேன். படிப்பு முடிஞ்சா எனக்கு என்ன வேலைன்னு எனக்கே தெரியாது... ஆனா இவங்க வேலை என்னால போகக்கூடாது."

அவர் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். புதுப் படிவத்தை நீட்டினார். "தம்பி, உன் ஆராய்ச்சிக் கட்டுரையிலயாவது எண்ணைப் பாத்துப் போடு!"

ஆறு ஆறுகள். சராசரி ஐந்து புள்ளி பூஜ்யம் நான்கு. பட்டியலில் அவள் பெயருக்கு நேராக 'நிரந்தரம்' என்று எழுதியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அப்பா இனி வாயே திறக்க முடியாது!

வெளியே மறுபடியும் மழை. ஒரே குடை. இரண்டு பேரும் அதைத் திறக்காமல் வாசலில் நின்றார்கள்.

"அவ்வளவு கோபத்தை வச்சுக்கிட்டு ஏங்க என்னைத் தேடி வரல?"

"நீங்க நிஜமாவே ஒண்ணுதான் போட்டிருந்தா... அதை என்னால தாங்க முடிஞ்சிருக்காது." அவள் சொன்னது வேலையைப் பற்றி மட்டுமல்ல என்பது அவனுக்கும் புரிந்தது போலிருந்தது.

"அந்த ஃபார்ம்ல ஒரு கேள்வி குறையுது," என்றான் மெதுவாக. "நானே எழுதி வச்சிருக்கேன்."

டிக்கெட்டின் பின்பக்கம். 'விளக்கம் சொன்ன பெண் எப்படி?' அதற்கு நேராக... மைனஸ் இருபத்தாறே முக்கால்.

காது மடல்வரை சூடாகிவிட்டது அவளுக்கு. "சூரியனா? கொஞ்சம் ஓவரா இல்ல?"

"அளந்துதான் சொல்றேன். நாலு நாளா வேற எதைப் பாத்தாலும் மங்கலாத் தெரியுது. உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க... ரொம்ப."

அவள் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே ஏதோ எழுதி நீட்டினாள்.

6.

"ஆறா?" குரல் உள்ளே போய்விட்டது அவனுக்கு. "கண்ணுக்கே சரியாத் தெரியாத நட்சத்திரமா நான்?"

"இன்னைக்கும் கீழ படிக்க மாட்டீங்களா?"

குனிந்தான். பொடிப்பொடி எழுத்தில் இருந்தது: 'எங்கள் படிவத்தின்படி.'

சாரலில் அவன் மூக்கு நுனிக்கு ஒரு மழைத்துளி வந்தது. இந்த முறை அது விழ யோசிக்கவே இல்லை.