சிரித்துச் செத்த தீவரசன்

"ஐயய்யோ...!"

தூத்துக்குடித் துறைமுகச் சாலையோரத்தில், உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கிக்குள்ளிருந்து கிளம்பிய அலறலில், எதிர்த்த டீக்கடையில் பாதி வடை வாயிலேயே நின்றுபோனது.

அலறியவர் டாக்டர் சங்கரபாண்டியன்!

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. உப்பு ஏற்றுமதி செய்கிறவர். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் உலகப் படத்தில் அகப்படாத ஒரு பல்கலைக்கழகம், அவருக்குத் தபாலில் பட்டம் அனுப்பியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வேல்விழி வந்து இறங்கியபோது வாசலில் பேனர் காற்றில் படபடத்தது.

'வெள்ளையர் கண்ட அந்தமான்! 1883-ன் அரிய ஆதிவாசிப் படங்கள்! இன்று மாலை அமைச்சர் திறந்து வைக்கிறார்!'

அமைச்சரின் படம் பெரிதாக. சங்கரபாண்டியனின் படம் அதைவிடப் பெரிதாக. ஆதிவாசி... ஒரு மூலையில், தபால்தலை அளவுக்கு.

உள்ளே, தரையில் ஒரு ஆள் கிடந்தான். பின்னந்தலையில் ரத்தம். பக்கத்தில் உருண்டு கிடந்தது ஒரு வெண்கலத் தலை.

சங்கரபாண்டியனின் தலை!

திறப்பு விழாவுக்காகச் செய்துவைத்த மார்பளவுச் சிலை. மூக்கு லேசாக நசுங்கியிருந்தது.

"யாருன்னு தெரியுதா?" என்றாள் வேல்விழி.

ஏட்டு மாரிச்செல்வம் குனிந்து பார்த்தார். "நம்ம சுடலைக்கண்ணன் மேடம்! அண்ணாச்சியோட உப்பளத்துல மூட்டை தூக்குதவன்."

"டாக்டர்!" என்றார் சங்கரபாண்டியன்.

"டாக்டர் எதுக்கு? ஆள் செத்தாச்சே."

"என்னைச் சொன்னேன் அம்மா! அண்ணாச்சி அல்ல... டாக்டர்!" தொண்டையைச் செருமினார். "நடந்தது தெள்ளத்தெளிவு. திருட வந்திருக்கிறான். பீடத்தில் மோதியிருக்கிறான். சிலை சரிந்து தலையில் விழுந்திருக்கிறது. சரித்திரமே அவனைத் தண்டித்துவிட்டது!"

வேல்விழியின் போன் அலறியது. மேலிடம்!

"வேல்விழி, விபத்துன்னு எழுதி முடிச்சிருங்க. சாயங்காலம் அமைச்சர் வாரார்."

"செத்தவனைத் திருடன்னு எழுதவா சார்?"

"அதான் அந்த டாக்டர் சொல்லுதாருல்லா?"

போன் செத்தது.

வாசலில் செத்தவனின் மனைவி கதறிக்கொண்டிருந்தாள். "அவரு திருடன் இல்லம்மா! ஊர் முன்னாடி எம் பிள்ளையளைத் திருடன் பிள்ளையளா ஆக்கிராதீங்க...!"

வேல்விழி உதட்டைக் கடித்தாள். சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். இல்லையென்றால் ரிப்பனோடு சேர்த்து இவன் மானத்தையும் வெட்டிவிடுவார்கள்!

குனிந்து பிணத்தின் சட்டையை விலக்கினாள்.

உப்பளத்து வெயிலில் கரியாகக் கறுத்த உடம்பு. இடுப்பைச் சுற்றி மட்டும் ஒரு மெல்லிய, வெளுத்த கோடு!

"மாரிச்செல்வம்... நீரு அருணாக்கயிறு கட்டியிருக்கீரா?"

ஏட்டு பதறி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். "மேடம்! அது... ஆமா மேடம்."

"எப்போ கழட்டுவீரு?"

"உயிரோட இருக்கும்போது எவன் கழட்டுவான்? செத்த பொறவு சொந்தக்காரங்க அறுப்பாங்க."

"இவனுக்கு யாரோ முந்திக்கிட்டாங்க."

வேல்விழி எழுந்தாள். சிலை விழுந்து செத்தவன் தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்ள மாட்டான். அப்படியென்றால்...

கொலை!

பார்வை தற்செயலாகச் சுவருக்குப் போனது.

திடுக்!

ஆள் உயரப் படம். 'அந்தமான் தீவரசன், 1883.' கையில் வில். முகமெல்லாம் கரி. இடுப்பில் தென்னை ஓலை. ஓலைக்கு மேலே ஒரு கயிறு. கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து!

அந்த முகம்...?

தரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடியும் தரை.

"அண்ணாச்சி... ரெண்டும் ஒரே மூஞ்சி!"

சங்கரபாண்டியன் ஒரு கணம்தான் விழித்தார். அடுத்த கணம் கை தூக்கினார், மேடையில் நிற்பதுபோல்.

"ஆகா! இதைத்தானே நான் தொண்டை வறளச் சொல்லிவருகிறேன்! ஆதிச்சநல்லூரிலிருந்து கப்பலேறிய தமிழனே அந்தமானின் ஆதிகுடி! இந்தச் சடலமே சான்று!"

"சான்றைத் திருடன்னு சொன்னீங்களே?"

"அது... ஆய்வில் புதிய வெளிச்சம்!"

"தாயத்தும் கப்பலேறிப் போச்சாக்கும்?"

"மேடம்... இங்கன வாங்க!" மாரிச்செல்வம் ஒரு மூலையிலிருந்து கூப்பிட்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணி. அதன்மேல் அறுந்த கறுப்புக் கயிறும் வெள்ளித் தாயத்தும். அட்டை கம்பீரமாக நின்றது: 'தீவரசனின் மந்திரக் காப்பு. தொடாதீர்!'

கயிற்றில் இன்னும் வேர்வை ஈரம்!

"நூத்தி நாப்பது வருஷமா காயாத வேர்வை!" என்றாள் வேல்விழி. "யார் வச்சது?"

"ஜாபேஸ்!" சங்கரபாண்டியன் வேகமாகச் சொன்னார். "நாசரேத் போட்டோகிராபர். காலையில் அவன்தான் கொண்டுவந்தான். படங்களும் அவன் கொடுத்தவையே. நான் நம்பினேன்..."

பின்கட்டில் ஆணி அடித்துக்கொண்டிருந்த ஜாபேஸை மாரிச்செல்வம் காலரோடு கூட்டி வந்தார். பிணத்தைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டான்.

"கொலை நான் பண்ணலம்மா! சத்தியமா! படம் மட்டுந்தான் எடுத்தேன்..."

"அந்தமான்லயா?"

"முயல் தீவுல."

"நம்ம முயல் தீவா?"

"துறைமுகத்துக்குப் பக்கத்துல இருக்குதே, அதேதான்! உப்பளத்து ஆளுங்களுக்குப் பிரியாணி வாங்கிக் குடுத்து, கரி பூசி நிக்க வச்சோம். சட்டை, வாட்ச், மோதிரம் எல்லாத்தையும் கழட்டச் சொன்னோம். அருணாக்கயிறு... அதை யாரும்மா துணிமணில சேப்பாங்க? எவன் கண்ணுலயும் படல!"

"எல்லாமே போலியா?"

"ஒண்ணே ஒண்ணு நிஜம்." ஜாபேஸ் கை நீட்டிய இடம், பாத்ரூம் கதவுப் பக்கம்.

சின்னப் படம். கவுன் மாட்டிவிடப்பட்ட ஒரு ஆதிவாசிப் பெண். கேமராவை முறைத்துக்கொண்டு நின்றாள். எடுத்தவன் செத்தும் அந்த முறைப்பு ஓயவில்லை.

"அந்தமான்ல வெள்ளைக்காரன் எடுத்தது. 'ஆதிவாசி மாதிரியே இல்ல'ன்னு அங்கன மாட்டச் சொல்லிட்டாங்க."

"யார் சொன்னது?"

ஜாபேஸ் சங்கரபாண்டியனைப் பார்த்தான்.

"பொய்!" என்றார் அவர். "எனக்கு எதுவும் தெரியாது!"

சாட்சி இல்லை. கண்காணிப்புக் கேமரா இல்லை. இரண்டு பேரில் ஒருவன்!

வேல்விழி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கு நசுங்கிய சிலையையும் பார்த்தாள். சிரிப்பை விழுங்கினாள்.

"எழுதும் மாரிச்செல்வம். மூளை... ஜாபேஸ். தீவரசன்ங்கிற யோசனை, ஆள் தேர்வு, வில்லைப் பிடிச்ச அழகு, எல்லாம் ஜாபேஸ். ஆதிச்சநல்லூர்க் கொள்கையும் ஜாபேஸ்."

"கொள்கையுமா?" சங்கரபாண்டியனின் மீசை துடித்தது.

"அண்ணாச்சி ஒரு அப்பாவி உப்பு வியாபாரி. ஒண்ணும் புரியாம ஏமாந்துட்டாரு."

"ஒண்ணும் புரியாமலா...?"

"படிப்பு கம்மி, பாவம்னும் சேத்துக்கிடும்."

"நிறுத்துலே!"

செந்தமிழ் செத்தது. அசல் தூத்துக்குடிப் பேச்சு வெடித்தது!

"இந்தப் பயலுக்கு அந்தமான் கிழக்க இருக்கா மேக்க இருக்கான்னே தெரியாது! கொள்கை எனது! தீவைப் பிடிச்சது நான்! சுடலைக்கண்ணன் மூஞ்சியில ராஜகளை இருக்குன்னு கண்டுபிடிச்சது நான்! வில்லை அப்படிப் புடின்னு சொல்லிக்குடுத்ததே நான்தான்ளா!"

"அப்போ கயிறை அறுத்தது?"

"நான்தான்! படத்துல உள்ள தாயத்து பொணத்துல இருந்தா, பாக்கிறவன் எல்லாம்..."

நிறுத்தினார்.



"அறுத்ததைக் கடல்ல போட்டிருக்கலாமே அண்ணாச்சி?"

"மனசு வரலம்மா." கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். "பெட்டி ஒண்ணு சும்மா கிடந்துது..."

"எதுக்குக் கொன்னீங்க?"

"சிரிச்சாம்மா!" அவர் கண் கலங்கியது. "காலையில படம் பாக்க வந்தான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். 'நான் செத்து நூத்தி நாப்பது வருஷம் ஆயிட்டாம்லா அண்ணாச்சி! இருங்க, உப்பளத்து ஆளுங்க எல்லாரையும் கூட்டியாரேன்'ன்னு திரும்பினான். சாயங்காலம் அமைச்சர்... எனக்கு விருது... கைக்கு என் தலைதான் அகப்பட்டுது!"

வேல்விழி வாசலுக்குப் போய் அந்த மனைவியிடம் ஒரே வரி சொன்னாள். "உன் புருஷன் திருடன் இல்லம்மா."

அமைச்சர் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்.

ஸ்டேஷனில் மாரிச்செல்வம் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். "சட்டையைக் கழட்டுங்க. சுவரோரமா நில்லுங்க. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு."

"சட்டை இல்லாமலா?" சங்கரபாண்டியன் அரண்டார். "நான் ஒரு டாக்டர்! என்னை இப்படி நிக்கவச்சுப் படம் எடுக்க நீங்க யாரு?"

"முறைக்காம நில்லுங்க அண்ணாச்சி!" என்றாள் வேல்விழி. "நூறு வருஷம் கழிச்சு எவனாவது இதைச் சுவத்துல மாட்டி ரிப்பன் வெட்டுவான்!"