வேர்க்கொசுக்கள் வராத மாலை

கணவனின் காலில் ஒரு கொசுகூட உட்காரவில்லை. அவள் முதலில் காற்றின்மேல் பழியைப் போட்டாள்.

அந்த ஈரநிலக் காப்பகத்தில் எந்தக் கொசு எந்த நீரில் வளர்கிறது என்று ஆராய்வது அவள் வேலை. காவலனான கணவனுக்குப் படகோட்டும் வேலை. பொழுது சாய்ந்ததும் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, நாணல் அழுகும் வாடையும் தவளைச் சத்தமும் சூழ்ந்த வாசற்படியில் அவளோடு உட்கார்ந்து கொசுவுக்குக் காலைக் காட்டுவது அவனுடைய சம்பளமில்லாத வேலை. வந்து உட்காரும் கொசுவை, கடிப்பதற்குள் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிப்பாள். “நீ கட்டிக்கிட்டது என்னை இல்ல, என் காலைத்தான்” என்று கிண்டல் செய்வான். வருகிற கொசுவில் முக்கால்வாசி அவனைத் தேடித்தான் போகும். அப்படி ஒரு ரத்த ராசி அவனுக்கு.

இன்றோ அவள் காலை மொய்த்தெடுத்தன. பக்கத்தில் நீண்டிருந்த அவன் கால், கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் சும்மா கிடந்தது.

“ஏதாவது பூசியிருக்கீங்களா?”

“இல்லையே.”

அவ்வளவுதான். வாயைத் திறந்தால் மூடாத மனிதன், நேற்று மாலை சொட்டச் சொட்ட நனைந்து நடந்துவந்ததிலிருந்தே இப்படித்தான். கொசுப்பொறிகளைப் பார்க்கப் போன இடத்தில் படகு ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொண்டது, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றான். சாப்பிடவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. தண்ணீரில் ஊறியதால்தான் என்று போர்த்திவிட்டாள். இரவெல்லாம் போர்வைக்குள்ளிருந்து சேற்று வாடை வந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்து போய், ஆராய்ச்சிக்காகப் பட்டினி போட்டிருந்த கொசுக்களின் வலைக்கூண்டைத் தூக்கி வந்தாள். கடித்துத் தொலைக்கட்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

“கையை உள்ள விடுங்க.”

விட்டான். பசியில் வலையை முட்டிக்கொண்டிருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கம் போய் ஒண்டிக்கொண்டன.

கொசு தேடி வருவது மூச்சை, உடம்புச் சூட்டை. எதையோ எடுக்கிறவள்போல் குனிந்து, அவன் மூக்கருகே கன்னத்தைக் கொண்டுபோனாள். காற்றில்லை. மறுபடியும் குனிந்தாள். இல்லை.

அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். மழைத்தேக்கத்தில் வளரும் கொசு இருந்தது. மரப்பொந்தில் வளர்வது இருந்தது. வேர்க்கொசு மட்டும் இல்லை. ஆகாயத்தாமரையின் வேரில் குத்தி, தண்ணீருக்கடியிலேயே மூச்சு வாங்கி வளரும் இனம் அது. தினமும் முதலில் வருவதும் அதுதான். பக்கத்திலேயே தீனி கிடைத்தால் பசித்த கொசு இவ்வளவு தூரம் எதற்குப் பறக்கப்போகிறது?

நிமிர்ந்தாள். படகுத்துறைக்கு எதிரே, ஆகாயத்தாமரைப் பரப்பின்மேல், கரும்புகைபோல் ஒரு திரள். ஜோடி தேடும் ஆண் கொசுக்கள் ஆளுயரத்தில் சுற்றும். இது தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்திருந்தது. அதன் கீழே ஏதோ மூச்சு விடுகிறது. நேற்றிலிருந்து.

ஓடினாள்.

பறவைகள் கூடு கட்டும் பருவம் என்று காப்பகத்தைப் பூட்டிவிட்டார்கள். கூப்பிடு தூரத்தில் ஆளில்லை. துறையில் பழைய படகு ஒன்று கிடந்தது. கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. இழுத்தாள். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தாள். கடவுளே, அவிழ்ந்துவிடு.

பின்னால் பலகை முனகியது. மணிக்கட்டில் ஒரு கை. பச்சைத் தண்ணீர்போல் சில்லென்று.

“இருட்டப்போகுது. வீட்டுக்கு வா.”

“விடு. உன் கால்ல விழறேன், விட்டுடு. அவரு அங்க இருக்காரு.”

“நான் இங்கதானே இருக்கேன்.”

அவள் தண்ணீரைப் பார்த்து அலறினாள். “என்னங்க!”

“என்னம்மா?” என்றது பக்கத்தில் நின்றது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. வார்த்தை இல்லை. இருமல். அவனுடைய இருமல். எத்தனை வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்டது.

“இதோ வந்துட்டேன்! கொஞ்சம் பொறுத்துக்குங்க!”

திமிறினாள். அந்தக் கையைக் கடித்தாள். அது அசையவில்லை. அதற்கு அவசரமும் இல்லை. அவளோடு சேர்ந்து அதுவும் அந்தத் திரளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொரு இருமல். சின்னது.

அப்புறம் இல்லை.

“என்னங்க...”

திரள் கலைந்தது. தண்ணீரை விட்டு எழும்பியது. திக்குத் தெரியாமல் ஒரு கணம் தொங்கியது. பிறகு ரீங்காரம் கரையை நோக்கி வந்தது.

முதல் வேர்க்கொசு அவளைத் தாண்டிப் போய், அவளைப் பிடித்திருந்த புறங்கையில் உட்கார்ந்தது. குத்தியது. அதன் வயிறு சிவந்து உப்பியது.

மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரல்கள் மெதுவாகச் சூடாகிக்கொண்டிருந்தன.