நாடாவின் மறுமுனை

ஆணியில் மாட்டிவிட்டு வந்த அளவு நாடாவின் பித்தளை வளையம், திரும்பிப் பார்த்தபோது ஆணியில் இல்லை. சுவரும் தரையும் சேரும் மூலையில், யாரோ பெருவிரலால் அழுத்திப் பிடித்ததைப் போலப் படிந்திருந்தது. லெஸ் அப்படித்தான் பிடிப்பார். லெஸ்ஸைப் புதைத்துப் பன்னிரண்டு நாளாகிறது.

வழுக்கியிருக்கும் என்று வரதராஜா தனக்குள் சொல்லிக்கொண்டான். பொய் அண்மையில் அவனுக்கு நன்றாகவே கைவந்திருந்தது.

மெல்பேர்னில் ஜூலை மாதத்து மாலை ஐந்து மணி. நகர மண்டபத்து அலுவலர்கள் நாலரைக்கே கிளம்பிவிட்டார்கள். நீண்ட நடைவழியில் தரை மெழுகும் ஈரக் கம்பளியும் மணத்தன. வண்ணக் கண்ணாடிகளில் மிச்சமிருந்த வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. மேலே மணிக்கூண்டின் பெரிய கடிகாரம் பல் பல்லாக நகரும் சத்தம் சுவருக்குள்ளிருந்து கேட்டது.

இங்கிலாந்தில் தான் பிறந்த ஊரின் மண்டபத்தைப் போலவே ஒன்று வேண்டுமென்று, முதல் மேயர் 1886இல் வரைபடத்தைக் கப்பலில் தருவித்துக் கட்டத் தொடங்கியது இது. நடுவில் மணிக்கூண்டு, இருபுறமும் ஒரே அச்சில் இரண்டு சிறு கோபுரங்கள். தங்கத்தால் கொழுத்த ஊர் திடீரென்று நொடித்தபோது வலக் கோபுரம் வெளியே மட்டும் முடிந்திருந்தது. உள்ளே தளமும் இல்லை, படியும் இல்லை. மேல்மாடிக் கதவைப் பூட்டி, குறுக்கே ஓர் அலுமாரியையும் வைத்து மறந்துபோனார்கள்.

இப்போது 1974. அடிக் கணக்கெல்லாம் மீட்டருக்கு மாறும் ஆண்டு. கட்டடத்தைப் புதிதாக அளந்து வரையும் வேலை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படவரைஞன் வரதராஜாவுக்குக் கிடைத்தது. காவலாளி லெஸ் நாடாவின் பூச்சிய முனையைப் பிடிப்பார். அவனிடம் அவர் கற்றுக்கொண்ட தமிழ் ஒரே சொல். வளையத்தைச் சரியாக வைத்ததும், ஆங்கில வாயால் நீட்டி, “ஓம்” என்பார்; ஆம் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்வது. அளவைச் சொன்ன பிறகும் வளையத்தை விடமாட்டார். நாடா முறுக்கிக்கொள்ளாமலிருக்க அதைப் பிடித்தபடியே, வரதராஜா சுருட்டச் சுருட்ட, அவனை நோக்கி நடந்து வருவார்.

அளவு வேலையின் கடைசி வெள்ளிக்கிழமை அலுமாரியைக் காட்டி, “இந்தக் கதவு பாக்கி இருக்கிறதே” என்றார் லெஸ்.

“அந்தப் பக்கம் மாதிரித்தான் இதுவும். விடுங்கள்” என்றான் வரதராஜா. வீட்டுக்குப் போகும் அவசரம். இடக் கோபுரத்தை வரைந்த ஒளிபுகும் தாளைக் கவிழ்த்துப் போட்டு, நாற்பத்தாறு மரப்படிகளையும் மேல்தளத்தையும் வலப்பக்கத்தில் பிரதியெடுத்தான். அளந்தது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

அடுத்த மாதம் மழைநீர் ஒழுகியது. லெஸ் படத்தின் பிரதியைப் பார்த்து, அலுமாரியை நகர்த்தி, கதவைத் திறந்து, தளம் இருக்கிறதென்று நம்பிக் கால் வைத்தார்.

நிலவறை வழியாக முதலில் ஓடிப்போனவன் வரதராஜா. அவர் விரல்களைப் பிரித்து அந்தப் பிரதியை எடுத்து ஒளித்தவனும் அவன்தான்.

குடித்திருப்பார் என்றார்கள். ஒன்பது வருடமாக அப்பா தொடவில்லை என்று மகள் அழுதாள். நாளை காலை மரண விசாரணை. இன்று வெற்றிடத்தின் உண்மையான ஆழத்தை எடுத்து, ‘தளம் இல்லை’ என்ற எச்சரிக்கையோடு பழைய திகதியிட்டுப் புதிய படம் வரைந்துவிட்டால், அதைப் படிக்காமல் விழுந்த குடிகாரனாக லெஸ் போய்விடுவார். வரதராஜாவின் வேலை தப்பும்.

காலையில் மனைவி சத்தியபாமா, “அந்த அறையை நீங்கள் அளந்தனீங்கள்தானே?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். அந்த நிமிடத்திலிருந்து அவனுக்குத் தன் கைகளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

கதவுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் மண்டியிட்டான். உள்ளேயிருந்து ஈரச் சுண்ணாம்பும் புறா எச்சமும் குளிரோடு முகத்தில் அடித்தன. நாடாவை இறக்கினான். வளையம் செங்கல்லில் உரசி உரசிக் கீழே போனது. மூன்று மீட்டர். ஆறு. எட்டு. எட்டு நாற்பதில் தரை தட்டியது. இனி நாடா தொய்ய வேண்டும்.

தொய்யவில்லை.

இறுகியது.

கீழிருந்து, நிதானமாக, நீட்டி: “ஓம்.”

மேலே கடிகாரம் நின்றுவிட்டது. நாடா விறைப்பாகக் காத்திருந்தது. அளவைச் சொல்லும்வரை லெஸ் விடமாட்டார். அது அவனுக்குத் தெரியும்.

“எட்டு மீட்டர் நாற்பது” என்றான். பிறகு தமிழிலேயே சொன்னான், “நான் அளக்கேல்லை, லெஸ். பொய் எழுதினனான். உங்கட கையில இருந்ததையும் நான்தான் எடுத்தனான்.”

நாடா தளர்ந்தது. அவன் கை பழக்கத்தில் சுருட்டத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை.

ஏழு. ஆறு.

வளையம் இப்போது செங்கல்லில் உரசவில்லை. வேறொரு சத்தம். மரப்படியில் பூட்ஸ். ஒன்று. இன்னொன்று. மரமே இல்லாத இடத்தில் மரம் முனகியது. அந்தப் படிகளுக்கு எண் போட்டவன் அவன்.

நான்கு. இரண்டு.

நாற்பத்தாறாவது படி.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், எட்டு மீட்டர் வெறுமைக்கு மேலே, அவன் வரைந்த தளத்தில் லெஸ் நின்றார். நசுங்கிய பெருவிரல் பித்தளை வளையத்தைச் சுவரின் மூலையில் நூல் பிசகாமல் அழுத்தியிருந்தது. அவன் உள்ளே வந்து அளப்பதற்காக, சற்று ஒதுங்கி, ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்.