சுண்டுவிரல் வைக்கும் இடம்

வெர்னிஸ் என் கிட்டார் பட்டறைக்குள் நுழைந்தபோது சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. மெம்ஃபிஸில் காலையிலிருந்து விடாத மழை. அவள் கையிலிருந்த கிட்டார் பெட்டியைப் பார்த்ததுமே கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். எங்கள் தேவாலயத்தில் உதவி ஊழியராக இருந்து செத்துப்போன டீக்கன் ஹோஸியா பெட்வேயின் பெட்டி அது. இவள் அவருடைய ஒரே மகள்.

"என்ன மிஸ்டர் எல்பர்ட், பேயைப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க? நான்தான்."

"வாம்மா. ரெண்டு வருஷமா யாரும் தொடாத பெட்டியாச்சே, அதான் பாத்தேன்."

"நாளைக்குத் தொட்டாகணும். சபையில அப்பா வாசிச்ச நாற்காலியில என்னை உக்காரச் சொல்லிட்டாரு பாஸ்டர். இந்த ரிங் உடைஞ்சு கிடக்கு, மாத்திக் குடுங்க. இருந்து வாங்கிட்டே போறேன்."

ரிங் என்றதும் வட்டமாக நினைத்துவிடாதீர்கள். தந்திகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் காந்தப் பெட்டி ஒன்று இருக்கும், பிக்கப் என்போம். அதைச் சுற்றி, நான்கு மூலைகளிலும் திருகாணி போட்டு உட்கார வைக்கும் பிளாஸ்டிக் சட்டம்தான் ரிங். டீக்கனின் கிட்டாருக்கு வயிறு மேடாக இருக்கும். தட்டை ரிங்கை அதன்மேல் வைத்தால் நடுவில் ஒட்டும், மூலைகள் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த மேட்டுக்குத் தக்கபடி ரிங்கின் அடியைத் தேய்த்துத்தான் பூட்ட வேண்டும். சோம்பேறி தேய்க்க மாட்டான். மூலைகள் படியும்வரை திருகாணியை முறுக்குவான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே கிட்டாரில், நான் அப்படித்தான் முறுக்கினேன்.

அன்றும் சனிக்கிழமை. ஆற்றில் மீன் பிடிக்கப் போகக் கூட்டாளிகள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். முறுக்கும்போது கீழ் ஓரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். மயிரிழை விரிசல். அதன்மேல் மெழுகைத் தடவிக் கொடுத்தனுப்பினேன். டீக்கன் வாசிக்கும்போது சுண்டுவிரலை ஊன்றிக்கொள்வது சரியாக அந்த ஓரத்தில்தான். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதும் எனக்குத் தெரியும்.

விரிசல் கிழித்த விரல் மூன்றே வாரத்தில் கறுத்தது. கையை வெட்டி எடுத்தார்கள். பிறகு அவரே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும், "எல்பர்ட் குடுத்த கெளுத்தி மீனை ஆயும்போது முள்ளு குத்திடுச்சு" என்று டாக்டரிடம் சொன்னார். சொல்லும்போது என்னை மட்டுமே பார்த்தார். உண்மையை நானே சொல்லட்டும் என்று விட்டுவைத்தார்.

நான் சொல்லவில்லை.

வெர்னிஸ் முக்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து உப்பு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். "நேரத்துக்குச் சாப்பிடலைன்னா மயக்கம் வருது. அப்பா எனக்கு விட்டுட்டுப் போன சொத்து ரெண்டுதான், கிட்டாரும் சர்க்கரையும்." சிரித்துக்கொண்டே காற்றில் வாசித்துக் காட்டினாள். சுண்டுவிரல் அப்படியே கீழே ஊன்றி நின்றது. அப்பனை உரித்துவைத்த கை.

தந்திகளைக் கழற்றினேன். பழைய ரிங்கை எடுத்தேன். அடியில் மரத்தில் நகத்தளவு கறுப்புக் கறை.

"அது என்ன?"

"பழைய பாலிஷ்மா" என்றேன். பொய் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி கிட்டார் வயிற்றில் ஒட்டி, புது ரிங்கை அதன்மேல் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்தேன். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. கீழ் ஓரத்தில் மட்டும் பொடி ஈரமாக, மாவு போல ஒட்டியது. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. ரிங்குக்கும் மரத்துக்கும் நடுவில் தாள்கூட நுழையாத அளவுக்குப் படியவைத்தேன். திருகாணிகளை இரண்டு விரலால் மெல்லத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தேன்.

டிக்.

அதே ஓரம். அதே இடம்.

"உடைச்சிட்டீங்களா? கை ஆட ஆரம்பிச்சிடுச்சா மிஸ்டர் எல்பர்ட்? இல்ல காலையிலயே ஏதாவது ஊத்திக்கிட்டீங்களா?"

"பிளாஸ்டிக் சரியில்லம்மா."

இரண்டாவது ரிங்கை இன்னும் மெதுவாகத் தேய்த்தேன். திருகாணிகளைப் பாதிதான் இறக்கினேன்.

டிக்.

இழுப்பறையில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதை எடுக்குமுன் பிக்கப்பில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம் என, கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். திருப்புளி முனையால் ஒரு தட்டு தட்டுவது எங்கள் வழக்கம். தட்டினேன். ஸ்பீக்கரில் 'டொக்' என்றது. நல்லது. திருப்புளியைக் கீழே வைத்தேன்.

டொக்.

தந்தி இல்லை. யார் கையும் அதன்மேல் இல்லை.

டொக்.

சபையில் முப்பது வருடம் கேட்ட சத்தம் அது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் டீக்கனின் சுண்டுவிரல் வந்து உட்காரும் சத்தம். அதைக் கேட்டதும் குழந்தைகள்கூட வாயை மூடும்.

பெப்பர்மிண்ட் வாசனை வந்தது. சர்க்கரைக்காரராக இருந்தும் அவர் சட்டைப் பையை விட்டு நீங்காத மிட்டாய். அதற்குப் பின்னால் இன்னொரு வாடை, மூன்றாவது வாரம் அவர் கட்டிலருகில் வீசிய வாடை.

வெர்னிஸ் எழுந்து வந்தாள். முகத்தில் பயம் இல்லை, கண் நிறைந்திருந்தது.

"அப்பா?" என்றாள், காற்றுக்கும் கேட்காத குரலில்.

கையை நீட்டினாள். உடைந்த அந்த ஓரத்தை நோக்கி அவள் சுண்டுவிரல் இறங்கியது.

குறுக்கே என் கையை விட்டேன். சுருக்கென்றது. என் சுண்டுவிரலிலிருந்து ரத்தம் மரத்தில் சொட்டியது, அந்தக் கறுப்புக் கறை இருந்த ஓரத்திலேயே.

"தொடாதே! கெளுத்தி முள்ளு இல்ல, வெர்னிஸ். இதுதான். இந்த ரிங்தான். நான் முறுக்கி உடைச்சேன். தெரிஞ்சே குடுத்தனுப்பினேன்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"போன வருஷம் என் கல்யாணத்துல கேக் வெட்டினீங்க" என்றாள். "அவர் சவப்பெட்டியைத் தூக்கினீங்க. அப்பல்லாம் சொல்ல வாய் வரலையா?"

நான் உடைந்த ரிங்கைக் கழற்றத் தொடங்கினேன்.

"மூணாவதை மாட்டுங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

துணியை விரலில் சுற்றிக்கொண்டு மாட்டினேன். ஒரு மணி நேரம் அவள் உட்காரவே இல்லை. நான்கு திருகாணியும் இறங்கின. காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. தந்திகளைப் பூட்டிக் கொடுத்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெர்னிஸ் அப்பாவின் நாற்காலியில் இருந்தாள். எனக்குத் தெரியட்டும் என்றே என் பக்கம் திரும்பி, சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்ததைக் காட்டினாள். இனி அது அந்த ஓரத்தைத் தொடாது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வாசிக்கத் தயாராகி, கையைத் தந்திகளுக்கு மேலே தூக்கினாள். கை அந்தரத்திலேயே நின்றது.

டொக்.

சபை முழுக்க அமைதியானது. முன் வரிசையில் யாரோ, "ஆமென், டீக்கன்" என்றார்கள்.

என் மடியில் சூடாக ஏதோ சொட்டியது. இரவே காய்ந்திருந்த என் சுண்டுவிரல் காயம் திறந்திருந்தது.

அது நடந்து பதினாலு ஞாயிறு ஆகிறது. எனக்குச் சர்க்கரை இல்லை என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாரம் முழுக்க விரல் ஆறிக்கொண்டு வருகிறது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு முதல் பாட்டு. அந்த நேரத்தில் காயம் மறுபடி திறந்துகொள்கிறது. போன வாரம் நான் சபைக்குப் போகவில்லை. ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையில் இருந்தேன்.

பதினோரு மணிக்கு, தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது.

டொக்.

நகம் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.