புல்தரைக்கு அடியில் பெரியவர்

மியென் விடுதி வாசலில் வண்டியை நிறுத்தியபோது வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் இரண்டு கூடை டிராகன் பழம். விடுதியின் சமையலறைக்கு அவள் தோட்டத்துப் பழம்தான் போகிறது. ஆனால் இன்றைக்கு அவள் வந்தது பழம் போட அல்ல. புருஷனைப் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வந்திருந்தாள்.

லுவான் அந்த விடுதியில் காவலாளி. காவல் மட்டுமா, குழாய் ரிப்பேர், குப்பை, பொக்லைன் ஓட்டுவது எல்லாம் அவன் தலையில்தான். அவன் வீட்டுக்கு வந்து நாலைந்து நாளாகிறது. ஃபோன் அடித்தால் எடுப்பதில்லை. தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. வாசல் தோரணம் கட்டாமல் கிடக்கிறது, தோட்டத்தில் விளக்கு ஒயர் அறுந்து கிடக்கிறது. துரைக்கு அதெல்லாம் ஞாபகம் இருந்தால்தானே?

வாம்காட் ஒரு காலத்தில் வெறும் மீன்பிடி ஊர். இப்போது கரை நெடுக வேலி. வலை காயப்போட இடம் கேட்டால் மீனவனை விரட்டுகிறார்கள். அந்த வேலிகளைத் தாண்டும்போதெல்லாம் மியெனுக்கு வயிறு எரியும். இந்த விடுதிக்காரன் கியெம் இதே ஊர் மீனவன் வீட்டுக் கடைக்குட்டிதான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எரியும்.

உள்ளே ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. சாப்பாட்டு நேரத்தில், நடு மத்தியானத்தில், காது கிழிகிற மாதிரி.

லுவான் காவல் கொட்டகையில் குந்தியிருந்தான். தலை ஈரமாக இருந்தது. காதில் பஞ்சு. கொட்டகை முழுக்க நாள்பட்ட எண்ணெய்ச் சட்டியின் சிக்கு வாடை அடித்தது.

"என்னய்யா, வீடு மறந்துபோச்சா? இல்ல, இங்கேயே எவளையாவது சேர்த்துக்கிட்டியா?"

அவன் பஞ்சை எடுத்தான். "மெதுவா பேசு மியென்."

"நான் எதுக்கு மெதுவா பேசணும்? அந்தக் கழுதைப் பாட்டை நிறுத்தச் சொல்லு, நானும் மெதுவா பேசறேன்."

"யாரோ கூப்பிடறாங்க."

"யாரை?"

"ரெண்டை."

எங்கள் கரையில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு; பிறந்த வரிசையில் எண்தான். மூத்த பிள்ளை 'ஒன்று' அல்ல, 'ரெண்டு'. ஒன்று என்று சொன்னால் பொல்லாததின் கண் பட்டுவிடும் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். லுவான் ஐந்தாவதாகப் பிறந்தவன், அதனால் 'ஆறு'. மியென் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு 'ரெண்டு'களை வேண்டாமென்று தள்ளியவள். மூத்த மருமகள் என்றால் வருஷம் முழுக்கத் திதிச் சமையல், எழவு வீடு, ஒப்பாரி. அந்த வம்பே வேண்டாம் என்றுதான் ஆறைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க மூத்த அண்ணன்தானே ரெண்டு? அவரு சைகோன்லல்ல இருக்காரு? அவரை இங்க யாரு கூப்பிடப் போறாங்க?"

"அவரை இல்ல," என்றான் லுவான். அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

அந்த நேரம் ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கக் கொஞ்சம் இடைவெளி.

அந்த இடைவெளியில் கொட்டகைக்கு எதிரே இருந்த புதுப் புல்தரை மூச்சு விட்டது.

மியென் முதலில் கடல் என்றுதான் நினைத்தாள். கடல் அந்தப் பக்கம் இல்லை. கனத்த, ஈரமான, நீண்ட மூச்சு. புல் மெல்ல மேலே எழும்பி, மெல்ல இறங்கியது. பிறகு மண்ணுக்குள்ளிருந்து, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல்.

"ரெண்டு..."

பாட்டு மறுபடி அலறத் தொடங்கியது.

மியெனின் கை அவளை அறியாமல் லுவானின் சட்டையைப் பிடித்தது. "என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

அவன் சொன்னான். நாலைந்து நாளைக்கு முன்னால் விடியற்காலையில் கரையில் பெரியவர் ஒதுங்கியிருந்தார். திமிங்கலத்தை இங்கே யாரும் மிருகத்தின் பெயர் சொல்லி அழைப்பதில்லை. புயலில் படகை முதுகில் தாங்கிக் கரை சேர்ப்பவர் அவர். அவர் இறந்தால் ஊருக்கே அப்பா செத்த மாதிரி. அவர் உடலை முதலில் பார்ப்பவன் யாரோ அவன்தான் அவருக்கு மூத்த மகன். அவன் தலையில் துக்கத்துணி கட்டி, கொள்ளிக்குரிய பிள்ளையாக நின்று அடக்கம் செய்ய வேண்டும். துக்கம் காக்க வேண்டும். தட்டிக்கழித்தவன் பிழைத்ததாக வாம்காட்டில் கதையே கிடையாது.

"கியெம் முதலாளி வந்து பார்த்தாரு. பண்டிகைக்கு எல்லா ரூமும் நிறைஞ்சிருக்கு, புது வருஷத்துல எழவைப் பார்த்தா ஒருத்தனும் தங்க மாட்டான்னாரு. பொக்லைனை எடுத்துக் குழி தோண்டுன்னாரு. நான் சொன்னேன் மியென், நான்தானே பார்த்தேன், துணி கட்டணுமேன்னு. 'நீ எதையும் பார்க்கலை'ன்னாரு. மேல புல்லை விரிச்சுட்டாங்க."

"பார்க்கலைன்னு அவன் சொன்னா பார்க்காததாயிடுமா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தீங்களா? இது பூசணிக்காய் இல்லய்யா, பெரியவரு!"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"இப்ப உயிரே போகப்போகுது. அதுக்குப் பயம் வரலையா உனக்கு?"

அவனை அடிக்கவும் கை வந்தது, கட்டிக்கொள்ளவும் கை வந்தது. இரண்டையும் செய்யாமல் எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அவள் மாமியார் சொல்வதுண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நிமிஷத்தில் அவளிடம் ஆத்திரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கியெம் சாப்பாட்டுப் பந்தலில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் சைகோன்காரர்கள் நண்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா ஆறோட வீட்டுக்காரி! பழம் இனிப்பா இருக்கா, உன் வாய் மாதிரி கசக்குதா?"

"அவரைத் தோண்டி எடுங்க அண்ணே. படகுத்துறை ஆளுங்களைக் கூப்பிட்டு முறையா அடக்கம் பண்ணுங்க."

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "யாரைத் தோண்டணும்? அங்க புல்லு இருக்கு."

"மீனவன் வீட்டுப் பிள்ளை பேசற பேச்சா இது? உங்க அப்பனை எத்தனை புயல்ல கரை சேர்த்தாரு அவரு!"

"பண்டிகை முடியட்டும். அப்புறம் பார்க்கலாம். உன் புருஷன் ஆறு. ஆறுக்கு எதுக்கும்மா ரெண்டு வேலை? பேராசைப்படாதே." பக்கத்து மேசைக்காரர்கள் என்னவென்று புரியாமலே சிரித்தார்கள். கியெம் கையை நீட்டிப் பாட்டை இன்னும் கூட்டினான்.

அப்போதுதான் புல்தரைப் பக்கம் கூச்சல் கேட்டது. பயந்த கூச்சல் அல்ல, வேடிக்கை பார்க்கிற கூச்சல்.

லுவான் புல்லைப் பிய்த்துவிட்டு வெறும் கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். தோண்டத் தோண்ட உள்ளே போனான். முட்டி வரை போனான், இடுப்பு வரை போனான். மணல் அவனைச் சுற்றி மூடிக்கொண்டே வந்தது. ஏழெட்டுப் பேர் ஃபோனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். விடுதி நடத்தும் ஏதோ கேளிக்கை என்று நினைத்தார்கள் பாவிகள்.

"இதோ வர்றேன் ஐயா," என்று லுவான் முனகிக்கொண்டிருந்தான். "இதோ வர்றேன்."

மியென் கண்ணில் பட்ட மேசையின் வெள்ளை விரிப்பை உருவினாள். நண்டும் தட்டும் கண்ணாடியும் தரையில் சிதறின. விரிப்பைப் பல்லால் கிழித்து ஒரு துண்டை அவன் தலையில் கட்டினாள், இன்னொன்றைத் தன் தலையில் கட்டினாள். மண்டியிட்டு, எந்த ஒப்பாரிக்குப் பயந்து இரண்டு மாப்பிள்ளைகளைத் தள்ளினாளோ அந்த ஒப்பாரியைத் தொண்டை கிழிய எடுத்தாள். மூத்த மருமகள் வந்திருக்கேன், மன்னிச்சு விட்டுடுங்க என்று அழுதாள்.

மணல் நிற்கவில்லை.

அவன் மார்பு வரை போய்விட்டான்.

இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். கீழேயிருந்து யாரும் இழுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவனேதான் இறங்கிக்கொண்டிருந்தான். துணி கட்டியாயிற்று, அழுதாயிற்று, பிறகும் ஏன்?

கியெம் ஓடி வந்தான். புதைகிறவனைப் பார்க்கவில்லை அவன். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, பந்தலைப் பார்த்துக் கத்தினான். "பாட்டு! பாட்டை யாரும் நிறுத்திடாதீங்க!"

மியென் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு மனுஷன் கண்ணெதிரே மண்ணுக்குள் போகிறான், இவனுக்குப் பாட்டு எதற்கு?

அவள் எழுந்து ஓடினாள். கியெம் குறுக்கே விழுந்து மறித்தான். அவன் மணிக்கட்டைக் கடித்து உதறிவிட்டுப் போய், ஒலிபெருக்கி ஒயரை வேரோடு பிடுங்கினாள்.

எல்லாம் அடங்கியது. காற்றுகூட நின்றுவிட்டது.

"ரெண்டு..."

இப்போது எல்லோருக்கும் கேட்டது. ஃபோன்கள் தாழ்ந்தன. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ரெண்டு..."

"ஐயா," என்றான் கியெம்.

சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னான். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான். பொத்தியும் நிற்கவில்லை, விரலிடுக்கில் பேச்சு வழிந்தது. லுவான் பார்த்ததற்கு முந்தின நாள் சாயங்காலமே மாடியிலிருந்து பார்த்துவிட்டானாம். அலையில் பெரியவர் புரண்டு கரைக்கு வருவதைப் பார்த்துவிட்டு, திரையை இழுத்து மூடிவிட்டானாம். விடிந்ததும் வேறு எவனாவது பார்க்கட்டும், எவனாவது மூத்தவனாகிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தானாம்.

லுவான் மணலில் இறங்குவது நின்றது. கனவிலிருந்து விழித்தவன்போலத் திருதிருவென்று விழித்தான். அவனை வெளியே இழுத்துப் போட்டதும் மியெனுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "தெரிஞ்சே இவனைச் சாக விட்டுட்டு நண்டு தின்னுக்கிட்டு இருந்தியேடா!" என்று கியெமை உலுக்கினாள். அவன் காதில் அது ஏறவே இல்லை. அவள் தலையிலிருந்த துணியை அவிழ்த்து வாங்கித் தன் தலையில் கட்டிக்கொண்டு குழிக்குள் குதித்தான்.

மியெனும் தோண்டினாள். வெள்ளையாக ஏதோ கைக்குத் தட்டியது. அழுகல் இல்லை, சதையே இல்லை. ஒரு வாரம்கூட ஆகாத உடலில், பல வருஷம் வெயிலில் கிடந்ததுபோல வெறும் எலும்பு. அவள் முகத்துக்கு நேராகக் கண் இருந்த பள்ளம் பார்த்துக்கொண்டிருந்தது. கூச்சல் கேட்டுப் படகுத்துறை ஆட்கள் வந்து அவரைப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

அடக்கம் முறையாக நடந்தது. விடுதி ஒரே பகலில் காலியானது. அப்பா சாவுக்கு ஊன்றுகிற மூங்கில் கோலை ஊன்றிக்கொண்டு கியெம் பாடைக்குப் பின்னால் குனிந்து நடந்தான். நடுநடுவே, யாரும் கூப்பிடாதபோதும், "ஐயா" என்று பதில் சொல்லிக்கொண்டே போனான். பண்டிகைக்கு முன்பே ஒருநாள் அவனைக் காணவில்லை. அலை தொடுகிற இடத்தில் கோல் மட்டும் குத்திட்டு நின்றது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தான் என்றார்கள் ஊரில். மியெனுக்கு மனம் இரங்கவில்லை. இரங்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை.

பண்டிகையன்று தோட்டத்து வீட்டில் வாசல் தோரணம் கட்டி, பன்றி இறைச்சியும் முட்டையும் இளநீரில் வேகவைத்து, படையல் முடித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கடல் இங்கிருந்து வெகு தூரம். செம்மணல் மேடுகளுக்கு அந்தப் பக்கம். லுவான் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டான்.

"இன்னொரு முட்டை வைக்கட்டா?"

"வை. உன் கையால விஷம் வெச்சாலும் தின்பேன் இப்ப."

"வைக்கத்தான் போறேன் ஒருநாள். வேலை வேலைன்னு மறுபடி அந்தப் பக்கம் தலை வெச்சுப் படு, பார்த்துக்கறேன்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான்.

எண்ணெய்ச் சட்டியின் சிக்கு வாடை.

வெளியே, பழச்செடி வரிசைகளுக்கு நடுவே, வறண்ட செம்மண் மெல்ல எழும்பி, மெல்ல இறங்கியது.

"மூணு..."

கியெமுக்கு அடுத்தபடி பெரியவரைப் பார்த்தவன் யார் என்று மியென் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மேசையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து லுவானின் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். அவள் உள்ளங்கைக்கு அடியில் அவன் உதடுகள் நெளிந்தன. அவன் திமிறினான், அவள் விடவில்லை. முழங்காலால் அவன் மார்பை அழுத்தி, முழு பலத்தையும் கைகளில் இறக்கினாள். பதில் சொல்லாவிட்டால் போய்விடும். போய்த்தான் ஆக வேண்டும்.

"மூணு..."

அவன் கண்ணீர் அவள் விரலில் ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

மண் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு இன்னொரு தடவை நீளமாக மூச்சு இழுத்தது.

"நாலு..."

"ஐயா" என்று யாரோ பதில் சொன்னார்கள். லுவானின் வாய் மூடித்தான் இருந்தது. அது தன் குரல் என்பது மியெனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.